முதலில் நம்பிக்கையா, முதலில் வேலையா?

அலுவலகக் கூட்டம் ஒன்றில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பேச்சுக்கு வருகிறது. பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. தவறாகிவிடுமோ என்று ஒரு கணம் தயங்குகிறீர்கள். அதற்குள் எதிரே இருப்பவர் அதையே, நீங்கள் சொல்லியிருக்கக்கூடியதைவிடச் சுமாராக, சொல்லிவிடுகிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பும்போது, "எனக்குத் தன்னம்பிக்கை போதாது" என்று உங்களைப் பற்றி நீங்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறீர்கள்.

நானும் இந்தத் தீர்ப்பைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு பிழைகள் ஒளிந்திருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தன்னம்பிக்கை என்பது உயரத்தைப் போல ஒருவருக்கு ஒரே அளவில் அமைந்துவிடுவது என்று நினைப்பது முதல் பிழை. அது முதலில் வந்து சேர வேண்டும், பிறகுதான் துணிந்து எதையும் செய்ய முடியும் என்று நினைப்பது இரண்டாவது. உளவியலில் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. தமிழில் அதைத் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம். பெயர் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. உள்ளே இருக்கும் பொருள் எளிமையானது.

எதைச் செய்ய நம்பிக்கை?

இந்தக் கருத்தை வகுத்தவர் ஆல்பர்ட் பாண்டுரா. 1925இல் கனடாவில் ஒரு சிற்றூரில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 2021இல் மறைந்தவர். 1977இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இதற்கு அடித்தளம். ஒரு குறிப்பிட்ட செயலைத் தம்மால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பே தன்திறன் நம்பிக்கை.

'குறிப்பிட்ட' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒருவர் ஆயிரம் வரிகள் கொண்ட கணக்கில் ஒளிந்திருக்கும் பிழையை அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார். அந்தப் பிழையைச் செய்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வராது. இன்னொருவர் வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் நிதானம் இழக்காமல் பேசுவார். அரைப் பக்க அறிக்கை எழுதச் சொன்னால் மூன்று நாள் தள்ளிப்போடுவார். இவர்களில் யாருக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. எதைச் செய்ய என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இதைத் தன்மதிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தன்மதிப்பு என்பது 'நான் மதிக்கத்தக்க மனிதன்' என்ற உணர்வு. எனக்குப் பாட வராது. அதனால் என்னை நான் தாழ்வாக நினைத்ததில்லை. பாடும் திறனில் எனக்கு நம்பிக்கை பூஜ்யம், தன்மதிப்புக்கு ஒரு கீறலும் இல்லை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: செய்யும் வேலையில் கைதேர்ந்தவர்கள் தங்களை மதிக்காமல் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி முன் நின்று 'நான் சிறந்தவன்' என்று நூறு முறை சொல்லும் பயிற்சிகள் குறிவைப்பது தன்மதிப்பை. நாளை காலை பத்து மணிக்குத் துறைத் தலைவர் முன்னால் பேச வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது அதுவல்ல.

பாம்பும் கையுறையும்

இந்தக் கருத்துக்குப் போகும் வழியில் பாண்டுராவும் அவருடைய சகாக்களும் பாம்புக்கு அஞ்சுபவர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். 1969இல் வெளியான ஒரு சோதனையில், பாம்பைக் கண்டு மிக அஞ்சியவர்களைப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். சிலர் பாம்பைப் பிறர் கையாளும் படத்தைப் பார்த்தார்கள். சிலர் உடலைத் தளர்த்திக்கொண்டு பாம்பைக் கற்பனை செய்து பழகினார்கள். மூன்றாவது பிரிவினருக்கு வேறு முறை. பயிற்சியாளர் பாம்பைக் கையாள்வதைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் நெருங்கினார்கள். பிறகு அவர் துணையோடு, முதலில் கையுறை போட்டுக்கொண்டு, பின்னர் வெறுங்கையால், தாங்களே தொட்டார்கள். மிகப் பெரிய மாற்றம் கண்டவர்கள் இந்த மூன்றாவது பிரிவினர்தான். ஏறக்குறைய எல்லோருக்குமே அந்த அச்சம் போய்விட்டது.

அலுவலகத்தில் பாம்பு இல்லை (இருந்தாலும் கணக்கில் சேர்க்க வேண்டாம்). ஆனால் பாடம் அப்படியே பொருந்தும். அவர்களிடம் யாரும், "முதலில் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள், பிறகு தொடலாம்" என்று சொல்லவில்லை. அச்சம் இருக்கும்போதே செய்யக்கூடிய அளவுக்குச் செயலைச் சின்னதாக்கினார்கள். செய்தார்கள். நம்பிக்கை பின்னால் வந்தது.

இதில் கையுறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது ஏமாற்று வேலை அல்ல. அது ஒரு படி. நான் முதன்முதலில் ஒரு பெரிய கூட்டத்தில் பேச வேண்டியிருந்தபோது, இரண்டு பேரை முன்கூட்டியே சந்தித்து விஷயத்தை விளக்கிவிட்டேன். கூட்டத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். இது கோழைத்தனம் என்று அப்போது வெட்கப்பட்டேன். இப்போது அதற்குக் கையுறை என்று பெயர் வைத்திருக்கிறேன். கைக்குறிப்பு வைத்துக்கொண்டு பேசுவது, முக்கியமான மின்னஞ்சலை அனுப்புமுன் ஒரு சகாவிடம் காட்டுவது, புதிய மென்பொருளை முதலில் பழைய தரவுகளில் இயக்கிப் பார்ப்பது எல்லாமே கையுறைகள்தாம். ஒரு நாள் அவற்றைக் கழற்றத்தான் வேண்டும். முதல் நாளே கழற்ற வேண்டியதில்லை.

நூற்றுக்கு எத்தனை?

தன்திறன் நம்பிக்கையை அளப்பதற்குப் பாண்டுரா பரிந்துரைத்த முறை வீட்டில் ஒரு தாளை எடுத்துச் செய்துபார்க்கக்கூடிய அளவுக்கு எளிது. ஒரு வேலையை எளிதிலிருந்து கடினம் வரை படிகளாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எதிரே 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக, ஒரு எண் போட வேண்டும். 0 என்றால் அறவே முடியாது. 50 என்றால் ஓரளவு முடியும். 100 என்றால் உறுதியாக முடியும். கேள்வி 'செய்வேனா' என்பதல்ல, 'இன்றைய நிலையில் என்னால் செய்ய முடியுமா' என்பது. இந்த வேறுபாட்டைப் பாண்டுரா வற்புறுத்தினார். 'செய்வேன்' என்பது எண்ணம். 'முடியும்' என்பது கணிப்பு.

கூட்டத்தில் பேசத் தயங்கும் ஒருவரின் தாள் இப்படி இருக்கலாம். சகாவிடம் தன் கருத்தைத் தனியாகச் சொல்வதற்கு 90. நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு கேள்வி கேட்பதற்கு 70. வாராந்தரக் கூட்டத்தில் தன் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்வதற்கு 50. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவில் தனக்கு ஓர் ஐயம் இருக்கிறது என்று சொல்வதற்கு 30. பிற துறையினர் முன் இருபது நிமிடம் விளக்கிவிட்டு அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு 10.

'எனக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்ற ஒற்றை வரி இங்கே ஐந்து எண்களாக உடைந்துவிட்டது. அவற்றில் ஒன்று 90. அழுது புலம்ப வேண்டிய நிலை இல்லை என்பது தாளைப் பார்த்தவுடனே தெரியும். அடுத்து எதைச் செய்வது என்பதும் தெரியும். என் அனுபவத்தில் 50க்கும் 70க்கும் இடையே நிற்கும் படிதான் நல்ல தொடக்கம். 90 உள்ளதைத் திரும்பத் திரும்பச் செய்தால் புதிதாக ஒன்றும் சேராது. 10 உள்ளதில் பாய்ந்து, அது சொதப்பினால், 50இல் இருந்ததும் சேர்ந்து கீழே விழும். 'ஆழத்தில் தள்ளிவிட்டால் நீச்சல் தானே வரும்' என்று சொல்லும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பிப் பிழைத்தவர்கள் மட்டுமே அந்தக் கதையைச் சொல்ல மிஞ்சியிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள்

தன்திறன் நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் பாண்டுரா. அவற்றில் முதலாவதும் வலுவானதும் தானே செய்து முடித்த அனுபவம். இதைத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: எளிதாகக் கிடைத்த வெற்றிகள் மட்டுமே கொண்ட அனுபவம் முதல் தோல்வியிலேயே உடைந்துபோகும். நடுவில் இடறி, திருத்தி, பிறகு முடித்த வேலைதான் நிலைத்த நம்பிக்கையைத் தரும்.

இரண்டாவது, பிறர் செய்வதைப் பார்ப்பது. யாரைப் பார்க்கிறோம் என்பது இங்கே முக்கியம். துறையின் உச்சியில் இருப்பவர் தங்குதடையின்றிப் பேசுவதைப் பார்த்தால் வியப்பு வரும், நம்பிக்கை வராது. டேல் ஷங்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்குப் பின்னக் கணக்கு போடும் மாணவர்களின் படங்களைக் காட்டினார்கள். முதலிலிருந்தே பிசகாமல் போட்ட ஒரு மாணவரைப் பார்த்தவர்களைவிட, தொடக்கத்தில் தடுமாறிப் பிறகு தேறிய ஒருவரைப் பார்த்தவர்களுக்குத்தான் நம்பிக்கை கூடியது. அலுவலகத்திலும் உங்களைவிட இரண்டு, மூன்று ஆண்டுகள் மூத்தவரிடம் கேளுங்கள். "எப்படிச் செய்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "முதல் முறை செய்தபோது எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?" என்றும் கேளுங்கள். மனிதர்கள் தங்கள் பழைய தடுமாற்றங்களைச் சொல்லத் தயங்குவார்கள் என்று நினைக்கிறோம். நான் கேட்டவரை, ஆசையாகத்தான் சொன்னார்கள்.

மூன்றாவது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல். 'உன்னால் முடியும்' என்று நாம் மதிக்கும் ஒருவர் சொன்னால் முயன்றுபார்க்கத் தோன்றும். ஆனால் அந்தத் தெம்பு அடுத்த நாள் வேலை சரியாக வராவிட்டால் வடிந்துவிடும். நம் வேலையைப் பற்றிப் பிறர் சொல்லும் கருத்துரைகளிலும் எல்லாம் நன்மை செய்வதில்லை. அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்செலோ டெனிசி என்ற இருவர் 1996இல் பல நூறு சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகக் கருத்துரை வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேரங்களில் அது வேலையைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம்.

ஆகவே கேட்கும் விதத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. "என் அறிக்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற, எதற்கும் உதவாத பதில் வரும். "எந்தப் பத்தியைப் படிக்கும்போது மீண்டும் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவருக்கும் எளிது, உங்கள் மனமும் புண்படாது, அடுத்த அறிக்கையில் எதைத் திருத்துவது என்பதும் கிடைத்துவிடும்.

நான்காவது, உடலும் மனநிலையும் தரும் குறிகள். நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. உடனே 'நான் இதற்குத் தயாராக இல்லை' என்று படித்துக்கொள்கிறோம். அதே படபடப்பை வேறு விதமாகவும் படிக்கலாம். ஆலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், மேடையில் பேசுவதற்கு முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்க முயல்வதைவிட அதன் பெயரை மாற்றுவது எளிதாக இருக்கிறது போலும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கைகளை இடுப்பில் ஊன்றி, மார்பை நிமிர்த்தி, இரண்டு நிமிடம் நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறித் துணிவு பிறக்கும் என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. 2015இல் 200 பேரிடம் மறுபடி சோதித்தபோது, தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்களே தவிர, ஹார்மோன்களிலும் நடத்தையிலும் மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தாம் நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாகவே அறிவித்தார். நிமிர்ந்து நிற்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, முதுகுக்கு நல்லது.

திறமை இல்லாத நம்பிக்கை

அப்படியானால் நம்பிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் வேலை உயருமா? 1998இல் ஸ்டாய்கோவிச், லூத்தன்ஸ் ஆகியோர் 114 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தன்திறன் நம்பிக்கைக்கும் வேலைத் திறனுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. வேலை சிக்கலாக ஆக அந்தத் தொடர்பு மெலிந்தது. தொடர்பு இருக்கிறது, சரி. எது எதை இழுக்கிறது? இதே கேள்வியை எடுத்துக்கொண்டு சிட்ஸ்மன், யோ ஆகிய இருவர் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வின் முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம்பிக்கை அடுத்த வேலையை உயர்த்துவதைவிட, முன்பு செய்த வேலை நம்பிக்கையை உயர்த்துவதுதான் வலுவாக இருந்தது. வண்டியை இழுக்கும் மாடு எது என்பதில் நாம் பெரும்பாலும் தவறிவிடுகிறோம்.

எனவே திறமையை வளர்ப்பதைத் தனிப் பாடமாகப் பிரிக்க முடியாது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஆண்டுகள் தாமாகத் திறமையைத் தருவதில்லை. பத்து ஆண்டு அனுபவம் என்பது சில நேரம் ஓராண்டு அனுபவம் பத்து முறை நடந்ததுதான். ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்வு வழியாக முன்வைத்த கருத்து, வராத பகுதியைத் தனியே எடுத்து, உடனுக்குடன் பிழையைத் தெரிந்துகொண்டு, திருத்தித் திருத்திச் செய்யும் பயிற்சியே மேம்படுத்துகிறது என்பது. அறிக்கை எழுதுவது வரவில்லை என்றால் இன்னும் ஐம்பது அறிக்கைகள் எழுதுவதைவிட, முதல் பத்தியை மட்டும் நாலு விதமாக எழுதி ஒருவரிடம் காட்டுவது மேல். அது சலிப்பான வேலைதான். சலிப்பாக இருப்பதால்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. செய்பவருக்கு அது ஆதாயம்.

செய்தும் நம்பாதவர்கள்

இதற்கு நேர்எதிர்ச் சிக்கலும் உண்டு. வேலை நன்றாகவே நடக்கிறது, பாராட்டும் வருகிறது, ஆனாலும் 'ஏதோ அதிர்ஷ்டம், ஒரு நாள் என் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்ற பயம் விடுவதில்லை. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள் சாதனை படைத்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசி, 1978இல் இந்த உணர்வை முதலில் விவரித்தார்கள். இது பெண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது பின்னர் தெரிந்தது. இது நோயின் பெயரும் அல்ல. முதல் ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது, குடத்தில் ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வெற்றியையும் அதிர்ஷ்டத்தின் கணக்கிலும் ஒவ்வொரு பிழையையும் தன் கணக்கிலும் எழுதிக்கொண்டால் எவ்வளவு செய்தாலும் எதுவும் தங்காது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து எழுதிவைப்பது. வாரம் ஒரு முறை, பத்து நிமிடம்: எது சிக்கலாக இருந்தது, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. 'நான்' என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருந்தே ஆக வேண்டும். நாம் செய்ததை நாமே மறந்துவிடுகிறோம். ஆண்டு இறுதி மதிப்பீட்டின்போது கடைசி இரண்டு மாதங்கள் மட்டுமே நினைவில் நிற்கின்றன, மேலாளருக்கும் அப்படித்தான். பதவி உயர்வு பற்றிய பேச்சில் "கடுமையாக உழைத்தேன்" என்ற சொல்லுக்கு எடை இல்லை. "மாதக் கணக்கு முடிக்க ஆறு நாள் ஆகிக்கொண்டிருந்தது, இப்போது மூன்று நாள்" என்பதற்கு இருக்கிறது. அந்த வரி நினைவிலிருந்து வராது, குறிப்பேட்டிலிருந்துதான் வரும்.

எல்லாச் சுமையையும் தனி ஆளின் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை. எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. குழப்பமாக இருந்தது. அந்தக் குழுக்கள் பிழைகளை மறைக்காமல் வெளியே சொல்கின்றன என்பதே காரணமாக இருக்கலாம் என்று பிறகு புரிந்தது. பிழையைச் சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற அந்தச் சூழலை 1999இல் எழுதிய கட்டுரையில் 'உளப் பாதுகாப்பு' என்ற கருத்தாக விரித்தார். கேள்வி கேட்டவரைக் கேலி செய்யும் அறையில் நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால், அது உங்கள் குறையாக இல்லாமல் சரியான கணிப்பாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் தாளின் படிகளை வேறு அறையில், வேறு குழுவில் ஏறிப் பார்க்க வேண்டியிருக்கும். சில நேரம் வேறு வேலையிலும்.

என்னுடைய பழைய தாள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முன்பு 20 போட்டிருந்த 'பெரிய கூட்டத்தில் பேசுவது' இப்போது 90. 'மறுப்புச் சொல்வது' 70க்கு வந்திருக்கிறது; எதிரே இருப்பவரைப் பொறுத்து ஏறி இறங்கும். 'ஊதிய உயர்வை நானே கேட்பது' என்பதற்கு மூன்று முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். தற்போதைக்கு 40. கையுறை தேடிக்கொண்டிருக்கிறேன்.